நடை பிறகு, முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பாடு

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 2 மாதம். பிறந்ததும் அழவில்லை, 20 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மூளை முடக்குவாதம் என்று ஒன்றரை வயதில் சொன்னார்கள். பிடித்துக்கொண்டால் உட்காருவான், விட்டால் சாய்ந்துவிடுவான். தூக்கினால் கால்கள் குறுக்கே பின்னிக்கொண்டு விறைக்கும். எடை 9 கிலோ 800. மாமியார் காலை நீட்டி அதன்மேல் படுக்கவைத்து ரசம் சாதம் ஊட்டுவார், தண்ணீரும் பாலும் சங்கில். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பாதி இருமலில் வெளியே வந்துவிடும். இந்த வருடம் இரண்டு முறை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஃபிட்ஸுக்கு சிரப் கொடுக்கிறோம். வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் பிசியோதெரபிக்குப் போகிறோம், போகவர முழுநாள் ஓடிவிடுகிறது. எப்போது நடப்பான் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று உறவினர் ஒருவர் சொல்ல, நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? (விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதுதான் முக்கியமான கேள்வி. நகை விஷயத்தை மட்டும் முதலில் முடித்துவிடலாம். அடகு வைக்காதீர்கள். மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர வேறு எதற்கு ஸ்டெம் செல் கொடுத்தாலும் அது ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் நடையைவிட அவசரமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: எடையும் நிமோனியாவும். 3 வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 14 கிலோவுக்குச் சற்று மேல். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதில் 10 கிலோவுக்குக் கீழே இருப்பது கடுமையான எடைக்குறைவு. அதனால் கீழே சொல்வதையெல்லாம் தொடங்கும்போதே, இந்த வாரத்திலேயே அரசு தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும். ரத்தசோகை, வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிடட்டும். ஃபிட்ஸ் மருந்து எடுக்கும் குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம். ஃபிட்ஸ் சிரப்பின் அளவு எடைக்கு ஏற்ப எழுதப்படுவது, எடை மாறினால் மறுபடி கணக்கிட வேண்டும். சிரப்பைக் கரண்டியில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள்.

நிமோனியா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பரிசோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஊட்டும் முறையைப் பார்த்தால், சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன என்றே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மல்லாந்து படுத்து தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாய் நன்றாகத் திறந்துகொள்கிறது. சங்கிலிருந்து ஊற்றும் பால் நாக்கின் பின்பகுதிக்கு நேராகப் போய் விழுகிறது. சாதாரணக் குழந்தை அந்த நொடியிலேயே தொண்டையை மூடி விழுங்கிவிடும். உங்கள் மகனுக்கு அந்த மூடல் ஒரு நொடி தாமதமாக நடக்கிறது, அதற்குள் உள்ளே போய்விடுகிறது. இருமுவது நல்லதுதான், உடம்பு வெளியே தள்ளப் பார்க்கிறது என்று அர்த்தம். இருமலே இல்லாமல் உள்ளே போவதும் உண்டு. சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்பது, கண்ணில் நீர் கோப்பது, மூச்சு வேகமாவது, இரவில் மார்பில் சளி கொரகொரப்பது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள்.

இதில் ரசம் சாதத்தின் பங்கு தனி. எளிதில் செரிக்கும் என்று நாம் கொடுக்கிறோம். ஆனால் விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அதைவிடக் கஷ்டமான சாப்பாடு குறைவு. ரசம் முதலில் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். ஒரே வாயில் இரண்டு வேகங்களைச் சமாளிக்க அவனால் முடியாது. சாம்பாரில் ஊறிய இட்லி, பருக்கை மிதக்கும் கஞ்சி, தேங்காய்ப்பாலில் இடியாப்பம், டீயில் நனைத்த பிஸ்கெட் எல்லாம் இதே வகைதான். பொரி, வேர்க்கடலை, முறுக்கு, திராட்சை பக்கமே போக வேண்டாம்.

என்ன கொடுக்கலாம் என்பதற்கு ஒரு சின்ன சோதனை. ஸ்பூனில் எடுத்துச் சாயுங்கள். ஓடினால் தண்ணி அதிகம். ஒட்டிக்கொண்டு விழவே மறுத்தால் ரொம்ப இறுக்கம், அது மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். ஒரே கட்டியாக ‘பொத்’தென்று விழ வேண்டும், நடுவில் பருக்கை தெரியக் கூடாது. குழைய வேகவைத்த சாதமும் பாசிப்பருப்பும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி நெய் விட்டால் அந்தப் பதம் வரும். கெட்டியான கேழ்வரகுக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, கெட்டித் தயிரில் மசித்த இட்லி, நார் இல்லாமல் மசித்த வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டையை வேகவைத்துத் தயிரோடு அரைத்தது எல்லாம் கொடுக்கலாம். அங்கன்வாடி சத்துமாவையும் இப்படியே கெட்டியாகக் கிண்டிக் கொடுக்கலாம், வறண்ட உருண்டையாகப் பிடித்து வேண்டாம்.

அவன் வயிறு சின்னது, விழுங்கவும் நேரம் எடுக்கும். அதனால் கொஞ்சம் சாப்பாட்டிலேயே நிறைய சத்து இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி நெய்யிலோ தேங்காய் எண்ணெயிலோ சுமார் 45 கலோரி இருக்கிறது. கிண்ணத்துக்கு 2 தேக்கரண்டி என்று நாளில் 4 வேளைக்கு மட்டும் சேர்த்தாலே நாளுக்கு 350 கலோரிக்கு மேல் கூடுகிறது. எடுத்த எடுப்பில் அவ்வளவு ஊற்றினால் வயிற்றால் போகும். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். நைசாக அரைத்த வறுத்த வேர்க்கடலை விழுதையும் கஞ்சியில் கலக்கலாம். ஒரு நாளைக்கு 6 சின்ன வேளை, ஒவ்வொன்றும் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மிச்சம் இருந்தாலும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அவன் களைத்துவிடுவான். களைத்த குழந்தைக்குத்தான் அதிகம் புரையேறும்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் சிரமமானது, மெல்லியது எதுவோ அதுதான் வேகமாக ஓடும். சங்கை எடுத்து வைத்துவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுத்து, மூக்கு வரும் பக்கத்தில் அரைவட்டமாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். வெட்டாத பக்கம் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் மூக்கு இடிக்காது, தலையைப் பின்னால் தள்ளாமல் குடிக்கலாம். வாய்க்குள் ஊற்றக் கூடாது. நீர் உதட்டைத் தொடும் வரை சாய்த்து நிறுத்துங்கள், அவன் உறிஞ்சட்டும். அதற்கும் இருமினால் இப்போதைக்கு கெட்டி மோர், நெகிழ்ந்த கூழ், இளக்கிய தயிர் என்று கொடுங்கள். 10 கிலோ குழந்தைக்கு சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போக வேண்டும். அது போகாவிட்டால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்தால் பசி போய்விடும், விறைப்பும் கூடும்.

அடுத்தது உட்காரும் முறை. இடுப்பு மடங்கியிருந்தால் விறைப்பு தளரும், இடுப்பு நீண்டால் முழு உடம்பும் வில்லாகப் பின்னால் வளையும். அதனால் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இடுப்பில். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் எதன் மீதாவது அழுந்த வேண்டும், தலை நேராக, மோவாய் சற்றே உள்ளே. தலை பின்னால் போகிறது என்று பின்மண்டையில் கை வைத்து முன்னால் தள்ளாதீர்கள். அந்தக் கையை எதிர்த்து அவன் இன்னும் வேகமாகத் தள்ளுவான். கையைத் தோள்பட்டைகளுக்குப் பின்னால் கொடுத்து, தோள்களை முன்னால் கொண்டுவந்தால் தலை தானாக வரும்.

நாற்காலி தயாராகும் வரை உங்கள் மடியிலேயே தொடங்கலாம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை ஒரு பலகைமேல் வையுங்கள். அவனை மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, உயர்ந்த இடது தொடை அவன் முழங்காலுக்கு அடியில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இடது கை அவன் தோளுக்குப் பின்னால். தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்த்து உட்காரவைக்க வேண்டாம். தொடையின் பின்தசை இறுக்கமாக இருப்பதால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் விழும்.

பிறகு ஊர் ஆசாரியிடம் 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு நாற்காலி செய்யச் சொல்லுங்கள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி அளவெடுக்க வேண்டும். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் குழி வரை அளந்து 2 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் குழியிலிருந்து குதிகால் வரை, பாதப்பலகையின் தூரம். இடுப்பின் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு விரல் இடம். இந்த வயதில் ஒவ்வோர் அளவும் 20 செ.மீ.யை ஒட்டி வரும், ஆனால் அளக்காமல் வெட்டக் கூடாது. தலைக்கும் தாங்கல் வேண்டும் என்பதால் முதுகுப்பலகை தலை உச்சி வரை போகட்டும். இருக்கையின் முன்பகுதியில், முழங்கால்களுக்கு நடுவே 7 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டை, பஞ்சு சுற்றியது. கால் பின்னாமல் இருக்க அதுதான். அதை உள்ளே தள்ளிக் கவட்டியை ஒட்டி வைத்துவிடுகிறார்கள், அங்கே அது உறுத்துமே தவிர கால்களைப் பிரிக்காது. பெல்ட் வயிற்றிலோ மார்பிலோ கட்டினால் அடியில் வழுக்கி இறங்கிவிடுவான், கழுத்தில் மாட்டும் ஆபத்தும் உண்டு. இருக்கையும் முதுகும் சேரும் மூலையிலிருந்து புறப்பட்டு, தொடையின் மடிப்பில் சாய்வாக வர வேண்டும். பழைய ஸ்கூல் பேக் பட்டை போதும். முன்னால் முழங்கை உயரத்தில் ஒரு தட்டுப்பலகை. முதல் நாள் 10 நிமிடம், போகப் போக அரை மணி வரை. எடுத்ததும் பிட்டம், முதுகு, தொடை பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் மெத்தையை மாற்ற வேண்டும்.

இப்போது ஊட்டுவது. எதிரே, அவன் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நீங்கள் உட்காருங்கள். ஸ்பூன் மேலிருந்து வந்தால் அண்ணாந்து பார்ப்பான், அங்கேயே காரியம் கெட்டுவிடும். செல்போன், டிவி இரண்டும் வேண்டாம், காரணம் அதேதான். குழி இல்லாத சின்ன சிலிக்கான் ஸ்பூன் நல்லது. ஸ்டீலைக் கடித்தால் பல்லுக்குக் கேடு, ஐஸ்கிரீம் ஸ்பூன் உடைந்துவிடும். அரை ஸ்பூன் எடுத்து நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். உதடு மூடும் வரை காத்திருந்து, நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிட்டு எடுத்தால் உதடு மூடக் கற்காது, தலையும் பின்னால் போகும். ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். பேசாமல் இருந்தால் சில நொடியில் விடுவான். நாக்கு சாப்பாட்டை வெளியே தள்ளுவது பிடிவாதம் அல்ல, அது அவன் கட்டுப்பாட்டில் இல்லாத அசைவு. வாய் மூடாவிட்டால் உங்கள் பெருவிரலைக் கீழுதட்டுக்குக் கீழே மோவாயிலும், ஆள்காட்டி விரலைத் தாடையோரத்திலும், மடக்கிய நடுவிரலை மோவாய்க்கு அடியிலும் வைத்துத் தாங்குங்கள். அழுத்தி மூடுவதற்காக இல்லை, தாங்குவதற்கு. கழுத்தில் விழுங்கும் அசைவைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் கன்னத்தின் உள்ளே விரலால் துடைத்துவிடுங்கள். அங்கே ஒதுங்கியது படுத்ததும் இறங்கும். பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். நுரையீரலுக்குள் போன எண்ணெயை உடம்பு லேசில் வெளியேற்றாது, அதுவே ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும்.

இதையெல்லாம் மாமியாரிடம் நீங்கள் சொன்னால் நான் வளர்க்காத பிள்ளையா என்றுதான் வரும். ஒரு மணி நேரம் பொறுமையாக ஊட்டுகிற மனுஷியை விட்டுவிடவும் கூடாது. மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இயங்கும் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்தில் (டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள்) சிகிச்சையாளர் அவர் கையாலேயே ஊட்டவைத்துக் காட்டட்டும். டாக்டர் சொன்னது என்றால் வீட்டில் செல்லும்.

இனி நடை. பொதுவாக 2 வயதுக்குள் பிடிமானமின்றி உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் நடக்கிறார்கள். 4 வயதிலும் தானாக உட்காராத குழந்தை துணையில்லாமல் நடப்பது அரிது. உங்கள் மகன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறான். சக்கர நாற்காலி தேவைப்படும் வாய்ப்பே அதிகம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசத் தொடங்குங்கள். அது தெரியாமல்தான் அக்குளில் பிடித்துத் தூக்கி நடைபழக்குவதும், சக்கரம் வைத்த வாக்கரில் போடுவதும் நடக்கிறது. இரண்டிலும் குழந்தை நுனிக்காலில் விறைத்து நிற்கும், கால் இன்னும் பின்னும். நடையை எதிர்பார்க்காமலே நிற்கவைக்க வேண்டும். உடம்பைத் தாங்கி நிற்கவைக்கும் சட்டத்தில் கால்களைச் சற்று அகட்டி, குதிகால் பதிய, 10 நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு 45 நிமிடம் வரை. சட்டத்தின் அளவைச் சிகிச்சையாளர்தான் எடுக்க வேண்டும்.

இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததுண்டா? மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. தானாக உட்காராதவர்களுக்கு வாய்ப்பு அதைவிட அதிகம். ஆரம்பத்தில் வலி தெரியாது, டயபர் மாற்றும்போது ஒரு கால் சரியாக விரியாது, அவ்வளவுதான். ஒரு தடவை இப்போதே எடுத்து, பிறகு எலும்பு மருத்துவர் சொல்கிறபடி 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

தூக்கும் விதத்தில் நம் ஊர் வழக்கமே நல்ல சிகிச்சை. இடுப்பில், கால்களை இருபக்கமும் அகட்டி உட்காரவைத்துத் தூக்குங்கள். இடுப்பும் மடங்கும், கால்களும் பிரியும். பச்சைக் குழந்தை மாதிரி இரு கைகளிலும் நீட்டிப் படுக்கவைத்துத் தூக்கினால் விறைப்புதான் வரும். படுக்கையிலிருந்து எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காமல், முதலில் ஒருக்களித்துப் புரட்டி, முழங்காலை மடக்கி, பிறகு தூக்குங்கள்.

வாரம் இரண்டு நாள் பஸ்ஸைப் பற்றி என் கருத்து: குறைக்கலாம். மேசைமேல் அழ அழ அரை மணி இழுத்துவிடுவதைவிட, நாள் முழுக்க அவன் எப்படி உட்காருகிறான், எப்படித் தூக்கப்படுகிறான் என்பதுதான் அவன் தசையை வடிவமைக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய ஒரு பயிற்சியைக் கற்றுக்கொண்டு வாருங்கள். சிகிச்சையாளர் செய்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள், உங்களைச் செய்யச்சொல்லி அவர் பார்க்கட்டும்.

பேச்சைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வாய்த் தசை ஒத்துழைக்காத குழந்தைக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடுவது நிறைய நடக்கிறது. காது கேட்கிறதா என்று பெரா பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கூழையும் வாழைப்பழத்தையும் இரண்டு கைகளில் அகலப் பிடித்து “எது வேணும்?” என்று கேட்டு, மனதுக்குள் 10 எண்ணும் வரை பேசாமல் இருங்கள். எதன்மேல் கண் நிற்கிறதோ அதைக் கொடுங்கள்.

அரசு உதவிக்கு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தேசிய அடையாள அட்டை முதலில். அதை வைத்து மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும், மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சிறப்பு நாற்காலிக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் அதில் அடங்கும். நாற்காலி வந்தாலும் பெல்ட்டையும் பாதப்பலகையையும் அவன் அளவுக்குச் சரிசெய்யாமல் உட்காரவைக்காதீர்கள். விரிவான மதிப்பீடு வேண்டுமானால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

மாதம் ஒருமுறை அங்கன்வாடித் தராசில் ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதிவையுங்கள். முறையை மாற்றி 2, 3 மாதம் ஆகியும் எடை ஏறவில்லை, அல்லது மறுபடி நிமோனியா என்றால், விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். தேவைப்பட்டால் மூக்குக்குழாய் வழியாகவோ வயிற்றில் பொருத்தும் குழாய் வழியாகவோ உணவு கொடுக்கச் சொல்வார்கள். பயந்து மறுத்துவிடாதீர்கள். ருசிக்கு வாயால் கொஞ்சம் கொடுக்கலாமா என்பதையும் அந்தப் பரிசோதனையே சொல்லிவிடும்.

ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், இரும்புச் சாவியால் பயனில்லை. 5 நிமிடம் தாண்டினால் 108. சளி, காய்ச்சல் வரும்போது அவன் தூங்கும் நேரத்தில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.